நெல்லுச்சோறு சோறான கதை: அருப்புக்கோட்டை – திருச்சுழிக் கரிசலில் மாவுச்சத்தும் உடல் எடையும்

கரிசல் காட்டுப் பெரியவர்கள் பேச்சில் ‘நெல்லுச்சோறு’ என்றொரு சொல் உண்டு. சோறு என்றாலே அது கம்பஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச் சோறு; அரிசியில் பொங்கினால் மட்டும் நெல்லு என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. தீபாவளி, பொங்கல், கல்யாணம் என விரல் விட்டு எண்ணக்கூடிய நாட்களுக்கான சோறு அது. இன்று அதே ஊர்களில் சோறு என்றால் அரிசிச்சோறுதான். அடைமொழி கம்புக்குப் போய்விட்டது. இந்தச் சொல் இடம் மாறியதற்குள் இப்பகுதி மக்களின் உடல் எடை வரலாறும் அடங்கியிருக்கிறது. எடை குறைய மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும் என்ற கருத்து, நியாண்டர் செல்வனின் ‘பேலியோ டயட்’ போன்ற நூல்கள் வழியே தமிழில் பரவியபோது, சோறு நம் மரபு, அதை எப்படிக் கைவிடுவது என்று ஒரு சாரார் கேட்டார்கள். சிறுதானியத்துக்குத் திரும்பினால் போதும் என்றார்கள் இன்னொரு சாரார். இருவருமே தானியத்தின் பெயரைப் பார்த்தார்கள். தட்டில் தானியத்துக்கும் பயறுக்கும் இருந்த விகிதத்தையும், அந்தத் தானியம் சோறாக ஆன பாட்டையும் பார்க்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இப்பகுதியில் ஓடும் குண்டாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. கண்மாய்த் தண்ணீர் எட்டிய நஞ்சையில் நெல் விளைந்தது. மற்றதெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மானாவாரிப் புஞ்சை. அங்கே கம்பு, சோளம், குதிரைவாலியோடு துவரை, உளுந்து, தட்டாம்பயறும் கலந்து விதைக்கப்பட்டன. ஒரு வேளைக் கம்பஞ்சோற்றுக்கு ஆன வேலையைப் பார்த்தால் விஷயம் விளங்கும். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசிறி, உரலில் போட்டு உலக்கையால் குத்தி, சொளகில் புடைத்துத் தவிடு நீக்கி, மறுபடி இடித்து, சலித்து, குருணையை முதலில் உலையில் போட்டு வேகவிட்டுப் பிறகு மாவைச் சேர்த்துத் துடுப்பால் கிண்ட வேண்டும். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டால் மறுநாள் காலைக் கஞ்சிக்கு ஆகும். இவ்வளவு பாடுபட்டு ஆக்கியதை அளந்துதான் போட முடியும். தொட்டுக்கொள்ளக் கானத் (கொள்ளு) துவையல், கருவாடு, சின்ன வெங்காயம். அப்போதும் வயிற்றை நிரப்பியது மாவுச்சத்துதான், அதை மறைக்கக்கூடாது. 100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால், கம்பில் 62, சோளத்தில் 68. ஆனால் கம்பில் நார்ச்சத்து 11 கிராமுக்கு மேல். அரிசியில் 3 கிராம்கூட இல்லை.

அந்தக் காலத்து மெலிந்த உடம்பை ஆரோக்கியத்தின் அடையாளமாக மட்டும் பார்ப்பது பெரும் பிழை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அடிப்படையாகக் கொண்ட கூலி போதும் என்றார் பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், அதை வைத்து உழைக்கும் உடல் பிழைக்காது என்று வாதாடினார். அந்தப் பசியின் நினைவு தலைமுறைகளாக இருந்ததால்தான் அரிசி தமிழக அரசியலின் மையத்துக்கு வந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம். 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம். 1977-இல் அருப்புக்கோட்டையில் வென்று முதல்வரான எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவு. 2008-இல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. பசியை விரட்டிய இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் கணக்கு கணக்குதான். நால்வர் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 167 கிராம் அரிசி, அதில் 130 கிராம் மாவுச்சத்து. கடையில் வாங்கும் இட்லி அரிசி, ரவை, டீயில் போடும் சீனி எல்லாம் இதற்கு மேலே. இதற்கிடையில் களையெடுப்பும் உரலும் போய், நூற்பாலையும் பவர்லூமும் கடை வேலையும் வந்துவிட்டன.

மாவுச்சத்தைக் குறைத்தால் எடை குறையுமா என்ற கேள்விக்கு, லண்டனில் சவப்பெட்டித் தொழில் செய்த வில்லியம் பான்டிங் 1863-இல் வெளியிட்ட சிறுநூலிலிருந்தே, குறையும் என்ற பதில் இருக்கிறது. குறைந்தது நிற்குமா என்பதுதான் சிக்கல். முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பகுதி, உடலில் சேர்ந்திருந்த கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்தோடு வெளியேறும் தண்ணீர். 2003-இல் அமெரிக்காவில் 63 பேரிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதத்தில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஓராண்டில் அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. 2018-இல் ஸ்டான்போர்டில் 609 பேரை வைத்துப் பார்த்தபோதும் ஓராண்டு முடிவில் உணவில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ எடை குறைந்திருந்தது. பெரிய வேறுபாடில்லை. இதைக் காட்டி இந்த முறையே வீண் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டு அடுப்பில் தினமும் ஆகக்கூடிய உணவு எதுவோ அதுதான் நிற்கும். நம் தட்டில் குறைக்க இடமுள்ளது மாவுச்சத்தில்தான். இந்தியர்கள் பெறும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாக 2025-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இன்டியாப் (ICMR–INDIAB) ஆய்வு சொல்கிறது. அரிசிக்குப் பதில் சிறுதானியம் என்று மாற்றியும் மொத்த மாவுச்சத்து குறையாவிட்டால் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. அதில் ஒரு பங்கைப் பயறு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றும் இடத்தில்தான் ஆபத்து குறைகிறது என்பதும் அதன் முடிவு. குதிரைவாலிப் பொங்கலை வயிறு முட்டச் சாப்பிடுவதற்கு இந்த ஆய்வில் ஆதரவு இல்லை.

பேலியோ முறை சொல்லும் பாதாமும் வெண்ணெயும் ஆட்டுக்கறியும் பணக்காரர் உணவு என்ற ஆட்சேபம் நியாயமானது. கடுமையான குறைமாவு முறையில் கானத்துக்குக்கூட இடமில்லை, ஏனெனில் அதிலும் 100 கிராமுக்கு 57 கிராம் மாவுச்சத்து உண்டு. ஆகவே கரிசலுக்கு அந்த உச்சம் வேண்டியதில்லை. இரண்டு அகப்பைச் சோறு ஒன்றாகி, அந்த இடத்தில் முட்டை, கெட்டிப் பருப்பு, அவித்த தட்டாம்பயறு, நிலக்கடலை, முருங்கைக்கீரை, மீன் வந்தால் அதுவே பெரிய மாற்றம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. அளவு மாற்றாத மருந்தே தாழ்சர்க்கரையில் தள்ளிவிடும். இங்கே உண்மையான தடை நாக்கு அல்ல, விலை. அருப்புக்கோட்டைப் பெயரிலேயே ‘ஏ.பி.கே. 1’ என்றொரு துவரை ரகம் இருக்கிறது. அந்த ஊர் ரேஷன் கடையில் 20 கிலோ அரிசிக்குக் காசு இல்லை. துவரம்பருப்போ அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய். இரண்டாவது கிலோ வேண்டுமென்றால் வெளிக்கடைக்குப் போய் வெளிவிலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.