ஒரு பானை சோறும் செவ்வாய் கிரகமும்

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது சமையலறையில் பொய்க்காத பழமொழி. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதும், பானை முழுவதும் வெந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் இதே முறையில் ஒரு கிரகத்துக்குப் பதம் பார்த்தால் என்ன ஆகும்?

1965-ல் செவ்வாய் கிரகத்துக்கு அதுதான் நடந்தது. அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கை மட்டும் படம் பிடித்துவிட்டு, இது நிலவைப் போலச் செத்துப்போன கிரகம் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு மாற ஆறு வருடங்களுக்கு மேல் ஆனது.

கால்வாய்க் கனவு

அதற்கு முன்னால் இருந்த நிலைமை நேர் எதிரானது. 1877-ல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி தொலைநோக்கியில் செவ்வாயைப் பார்த்து, அதன் மேல் நீளநீளமான கோடுகள் தெரிவதாக வரைந்து வைத்தார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'கனாலி'. இத்தாலிய மொழியில் அந்தச் சொல் இயற்கையான நீர்த்தடத்தையும் குறிக்கும். ஆங்கிலத்துக்குப் போனபோது அது ஆள் வைத்து வெட்டிய கால்வாய் ஆகிவிட்டது!

அமெரிக்கப் பணக்காரர் பெர்சிவல் லோவெல் 1894-ல் அரிசோனாவில் ஒரு வானாய்வகமே கட்டினார். துருவப் பனி உருகும் தண்ணீரை வறண்ட நிலங்களுக்குக் கொண்டுபோக, அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்களே அவை என்று புத்தகங்கள் எழுதினார். வானியலாளர்களில் பலர் இதை ஏற்கவில்லை. ஆனாலும் 1960-களின் தொடக்கம் வரை, செவ்வாயில் பாசி போன்ற எளிய தாவரங்களாவது இருக்கலாம் என்று நினைத்த விஞ்ஞானிகள் இருந்தார்கள்.

22 படங்கள்

1964 நவம்பர் 28 அன்று நாசாவின் மரைனர் 4 கிளம்பியது. 1965 ஜூலை மாதம் செவ்வாயிலிருந்து சுமார் 9,800 கி.மீ. தூரத்தில் அதைக் கடந்து போனது. சுற்றி வரவில்லை, நிற்கவும் இல்லை. பேருந்து ஜன்னல் வழியாக ஓர் ஊரைப் பார்ப்பது போல, போகிற போக்கில் படம் எடுத்து நாடாவில் பதிந்துகொண்டது. 21 முழுப் படங்கள், 22-வது படத்தில் ஒரு பகுதி. அவ்வளவுதான்.

ஒவ்வொரு படமும் 200-க்கு 200 புள்ளிகள் கொண்டது. ஒரு புள்ளிக்கு 6 பிட் என்றால் மொத்தம் 2,40,000 பிட். 21 கோடி கி.மீ.க்கும் அப்பாலிருந்து அதை அனுப்பிய வேகமோ நொடிக்கு எட்டு பிட்டுக்குச் சற்று மேல்! ஒரு படம் வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

கலிபோர்னியாவில் இருந்த பொறியாளர்களுக்கு அதுவரை பொறுமை இல்லை. படம் பதிவானதா என்ற பயமும் இருந்தது. அதனால் வந்துகொண்டிருந்த எண்களைக் காகிதப் பட்டைகளில் அச்சிட்டு, பக்கம் பக்கமாக ஒட்டி, எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று வைத்துக்கொண்டு கலர் சாக்கட்டியால் தீட்டினார்கள். விண்கலம் ஒன்று மிக அருகிலிருந்து எடுத்த செவ்வாயின் முதல் படம், இப்படிக் கையால் தீட்டிய படமாகத்தான் உருவானது.

அதன்பின் வந்த படங்கள்தான் இடியாக விழுந்தன. கால்வாய் இல்லை, செடி கொடி இல்லை. எங்கு பார்த்தாலும் விண்கல் விழுந்த பள்ளங்கள். பள்ளங்கள் அழியாமல் கிடக்கின்றன என்றால், அவற்றை அரிக்க மழையும் ஆறும் இல்லை, மூடிவிட எரிமலைக் குழம்பும் இல்லை, பல நூறு கோடி வருடங்களாக அங்கே எதுவும் நடக்கவில்லை என்று பொருள். விண்கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தபோது அதன் ரேடியோ அலைகள் அங்குள்ள காற்றைத் துளைத்து வந்தன. அதை வைத்துக் கணக்கிட்டால் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இது சரியான கணக்கு. ஆனால் படங்களை வைத்து முழுக் கிரகத்துக்கும் சொன்ன தீர்ப்பு?

1969-ல் மரைனர் 6, மரைனர் 7 இரண்டும் கடந்து போயின. மனிதன் நிலவில் இறங்கி மூன்று வாரம்கூட ஆகாத நேரம் என்பதால் உலகம் இவற்றை அதிகம் கவனிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து 201 படங்கள் அனுப்பின. அருகிலிருந்து எடுத்தவற்றில் பெரும்பாலும் மறுபடியும் பள்ளங்களே. தூரத்திலிருந்து எடுத்த படங்களில் ஒரு பெரிய வட்டம் தெரிந்தது. அதையும் பெரிய பள்ளம் என்றே நினைத்தார்கள்.

புயலுக்குள் காத்திருந்த விண்கலம்

இனி கடந்து போகாமல் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பது என்று நாசா முடிவு செய்தது. 1971 மே மாதம் ஏவிய மரைனர் 8 அட்லாண்டிக் கடலில் விழுந்தது. அதன் வேலையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு மே 30 அன்று மரைனர் 9 கிளம்பியது. நவம்பர் 14 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. பூமியைத் தவிர வேறொரு கிரகத்தைச் சுற்றிய முதல் விண்கலம் இதுதான்.

போய்ச் சேர்ந்தால், பார்க்க ஒன்றுமே இல்லை! செப்டம்பரில் தொடங்கிய தூசிப் புயல் கிரகம் முழுவதையும் மூடியிருந்தது.

அதே நேரம் சோவியத் நாட்டின் மார்ஸ் 2, மார்ஸ் 3 விண்கலங்களும் வந்து சேர்ந்தன. அவற்றின் வேலைகள் முன்பே தீர்மானித்து வைத்தவை. இறங்கு கலங்கள் புயலுக்குள்ளேயே இறங்கின. மார்ஸ் 2-ன் கலம் மோதி நொறுங்கியது. மார்ஸ் 3-ன் கலம் டிசம்பர் 2 அன்று பத்திரமாகத் தரையைத் தொட்டது. செவ்வாயில் மெதுவாக இறங்கிய முதல் கலம் அதுவே. ஆனால் சுமார் 20 நொடிகளில் அதன் குரல் நின்றுவிட்டது.

மரைனர் 9-க்கு ஒரு வசதி இருந்தது. அதன் கணினிக்குப் பூமியிலிருந்தே புதுக் கட்டளைகள் அனுப்பலாம். 'காத்திரு' என்றார்கள், காத்திருந்தது. அந்த இடைவெளியில் செவ்வாயின் நிலவுகளான போபோஸையும் டெய்மோஸையும் படம் எடுத்தது. தூசியால் மேலே காற்று சூடாகித் தரை குளிர்வதையும் அளந்தது. 1983-ல் கார்ல் சேகனும் மற்றவர்களும் வெளியிட்ட 'அணுக் குளிர்காலம்' ஆய்வுக்கு, இந்த அளவுகளிலிருந்து பிறந்த சிந்தனையும் ஒரு காரணம்.

நான்கு கரும்புள்ளிகள்

தூசிக்கு மேலே நான்கு கரும்புள்ளிகள் மட்டும் தலை நீட்டிக்கொண்டிருந்தன. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் பள்ளம். ஆனால் நான்கு இடங்களும் தூசிக்கே மேலே நிற்கும் அளவுக்கு உயரமானவை. நான்கு மிக உயர்ந்த சிகரங்களின் உச்சியில் மட்டும் குறி பார்த்து விண்கல் விழுமா? அவை எரிமலை வாய்கள்! அவற்றில் ஒன்றுதான் மரைனர் 7 பார்த்த அந்த 'வட்டம்'. இன்று அதன் பெயர் ஒலிம்பஸ் மான்ஸ். உயரம் சுமார் 22 கி.மீ. எவரெஸ்ட்டைப் போல இரண்டரை மடங்கு.

1972 ஜனவரியில் தூசி அடங்க அடங்க ஒவ்வொன்றாகத் திரை விலகியது. 4,000 கி.மீ. நீளமும் சில இடங்களில் 7 கி.மீ. ஆழமும் கொண்ட ஒரு பள்ளத்தாக்கு தெரிந்தது. விண்கலத்தின் நினைவாக அதற்கு வேல்ஸ் மரைனெரிஸ் என்று பெயர் வைத்தார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய ஆச்சரியம், வளைந்து நெளிந்து கிளை பிரிந்து ஓடிய வறண்ட ஆற்றுப் படுகைகள். ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் ஓடியிருக்கிறது!

1972 அக்டோபரில் திசை திருப்பும் வாயு தீர்ந்து மரைனர் 9 ஓய்ந்தது. அதற்குள் 7,329 படங்கள் அனுப்பிவிட்டது.

பதம் பார்த்ததில் எங்கே தவறு?

மரைனர் 4 பொய் சொல்லவில்லை. அது காட்டிய பள்ளங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. முதல் மூன்று விண்கலங்களும் அருகிலிருந்து பார்த்தது பெரும்பாலும் பழைய, பள்ளம் நிறைந்த பகுதிகளை. எரிமலைகளும் மாபெரும் பள்ளத்தாக்கும் அவற்றின் பாதைக்கு வெளியே இருந்தன. பானையில் கொதிக்கும் அரிசி எல்லாம் ஒரே நெருப்பில், ஒரே நேரத்தில் வேகிறது. அதனால்தான் ஒரு சோறு பதம் சொல்கிறது. கிரகம் அப்படி வெந்ததல்ல. ஒரு பக்கம் 400 கோடி வருடப் பழமை, இன்னொரு பக்கம் அதைவிட எவ்வளவோ பின்னால் வந்த எரிமலைக் குழம்பு.

1976-ல் வைக்கிங் 1 ஜூலை 4 அன்று இறங்குவதாக இருந்தது. மரைனர் 9 படங்களில் சமதளமாகத் தெரிந்த இடம், வைக்கிங்கின் கூர்மையான கேமராவில் கரடுமுரடாகத் தெரிந்தது. வேறு இடம் தேடி ஜூலை 20 அன்று இறக்கினார்கள். 2021-ல் பெர்சவரன்ஸ் ஊர்தி இறங்கியது, ஒரு காலத்தில் ஆறு ஒன்று ஏரியில் கலந்த இடத்துக்குப் பக்கத்தில். 1965-ன் தீர்ப்போடு நின்றிருந்தால் அங்கே ஆற்றைத் தேடி யாரும் போயிருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை ஏதோ ஒரு கிரகத்திலோ நிலவிலோ 'ஒன்றுமே இல்லை' என்று செய்தி வந்தால், ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எவ்வளவு பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்?