‘ஆள்’ விகுதி

முதுகலை வகுப்பில் தொல்காப்பியச் சொல்லதிகாரம் நடத்தும்போது, கிளவியாக்கத்தின் நான்காம் நூற்பாவைப் பல ஆண்டுகள் நான் ஐந்தே நிமிடத்தில் கடந்திருக்கிறேன். ‘பேடி’ என்று கரும்பலகையில் எழுதியதும் பின்வரிசையில் சிரிப்பு எழும். பெண்பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொள்வார்கள். தேர்வுக்கு முக்கியமில்லை என்று சொல்லி அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவேன். அந்தச் சிரிப்புக்கு நடுவே குனிந்த தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. படிப்பைப் பாதியில் விட்ட அந்த மாணவர் ஏழு ஆண்டுகள் கழித்து, ஒரு நூல் வெளியீட்டு விழாவில், திருநங்கையாக என் முன் வந்து நின்றார். “அந்த நூற்பாவ நீங்க முழுசா நடத்தியிருக்கலாம்மா” என்றார்.

முழுதாக நடத்தினால் அதில் என்ன இருக்கிறது?

ஆண்மை திரிந்து பெண்மை சுட்டும் பெயரையும் தெய்வத்தைச் சுட்டும் பெயரையும் தொல்காப்பியர் ஒரே நூற்பாவில் வைக்கிறார். இரண்டுக்கும் தமக்கென்று தனி ஈறு இல்லை. இரண்டும் உயர்திணைக்குள் நின்று அதன் பால் ஈறுகளையே ஏற்கும் என்கிறார். சில நூற்பாக்கள் தள்ளி, அத்தகையவருக்கு ஆண்பால் முடிபு ஆகாது என்றும் விலக்குகிறார். ‘ஆண்மை திரிந்த’ என்ற சொற்சேர்க்கையை முதலில் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அளவுகோல் ஆண்மை, அதிலிருந்து விலகியது ‘திரிந்தது’. நம் வீடுகளில் பால்தான் திரியும், கீழே கொட்டுவோம். ஆனால் இலக்கணக்காரருக்குத் திரிதல் கெட்டுப்போவதல்ல. தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்று விகாரங்களில் கெடுதல் வேறு, திரிதல் வேறு. திரிவதற்கும் விதி உண்டு.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தியின் நன்னூல் ஒரு படி முன்னே போய், ஒரு படி பின்னேயும் வருகிறது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால்; ஆண்மையை விட்டு மற்றதை அவாவுவது பெண்பால். தொல்காப்பியர் பேசாத, பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவர்கள் இங்கே இலக்கணத்துக்குள் வந்துவிடுகிறார்கள். அதைவிட முக்கியம், பாலைத் தீர்மானிப்பது உடம்பு என்று நூற்பா சொல்லவில்லை, அவா என்கிறது. கையோடு, இவ்விரு வகையும் அஃறிணை போலவும் ஆகும் என்று ஒரு வாலையும் ஒட்டிவிடுகிறது. நூற்பாவில் வரும் ‘அவாவுவ’ என்ற சொல்லே அஃறிணைப் பன்மை. ஒரு கையால் பாலைக் கொடுத்து மறு கையால் திணையைப் பறிக்கும் வரி இது. இன்றைய சட்டங்களைப் படிக்கும்போதும் இந்த வரி எனக்கு நினைவுக்கு வரும்.

காப்பியங்களில் பேடி ஆடுகிறாள். மாதவி ஆடிய பதினோராடலில் ஒன்று பேடிக்கூத்து. அது காமன் ஆடியதாகச் சிலம்பு சொல்கிறது. மணிமேகலையில் புகார் வீதியில் தாடியும் கூந்தலுமாக நிற்கும் பேடிக்கோலத்தை ஊரே நின்று பார்க்கிறது. அப்படி வேடிக்கை பார்த்த கூட்டம்தான் மலர்வனத்துக்குப் போகும் மணிமேகலையையும் சூழ்ந்துகொள்கிறது. பேடியையும் கணிகை மகளையும் பார்க்கும் கண் ஒன்றே என்பதை நம் உரைகாரர்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிறகு வந்த சொற்கள் பெரும்பாலும் வசவுகள். அலி, பொட்டை, ஒம்போது. வசவைத் தாண்டி அந்தச் சமூகத்துக்கென்று உள்மொழி ஒன்றும் இருந்தது. ஜமாத், குரு, சேலா, நானி, கோத்தி. கோத்தி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் வீட்டில் மனைவி மக்களோடு வாழலாம். அவர் திருநங்கையாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள்தான் எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினோம்.

கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவையொட்டி, அரவானின் மனைவி என்ற பொருளில் வந்தது ‘அரவாணி’. வசவுக்கு மாற்றாக வந்ததால் பலர் விரும்பி ஏற்றார்கள். 2008 ஏப்ரல் 15 அன்று அமைந்த நல வாரியமும் அந்தப் பெயரைத்தான் தாங்கியது. ஆனாலும் ஒருநாள் தாலியும் மறுநாள் வெள்ளைப் புடவையும் ஒரு சமூகத்துக்கே பெயராகலாமா? அதில் இசுலாமியருக்கும் கிறித்தவருக்கும் எங்கே இடம்? ‘திருநங்கை’ வந்தபோது அந்தக் கேள்விகள் தணிந்தன. நங்கைக்கு இணை நம்பி என்பது பழந்தமிழ் வழக்கு என்பதால் ‘திருநம்பி’யும் இயல்பாகக் கிடைத்தது. இருவரையும், இரண்டிலும் அடங்காதவரையும் சேர்த்துச் சொல்ல ‘திருநர்’. ‘ஊடுபால்’ வேறு. அது பிறப்பிலேயே ஆண், பெண் என்ற உடற்கூற்று வரையறைக்குள் அடங்காதவரைச் சுட்டுவது. அவர் தன்னைப் பெண்ணாகவோ ஆணாகவோ உணரலாம். யாரை விரும்புகிறார் என்பது இவை எல்லாவற்றிலிருந்தும் தனிக் கேள்வி. மாணவிகள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

2019 இறுதியில் அரசு ‘மூன்றாம் பாலினத்தவர்’ என்ற சொல்லுக்கு மாற முயன்றபோது எதிர்ப்பு கிளம்பியது. எனக்கும் அந்தச் சொல் உறுத்தும். மூன்றாம் என்றால் முதல் யார்? இரண்டாம் பாலினம் என்று எண் குத்தப்பட்டதற்கு எதிராகப் பேசியும் எழுதியும் வந்தவர்கள் நாம். வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு வாலில் ஓர் எண்ணைச் சேர்ப்பதில் நமக்கு என்ன மகிழ்ச்சி?

அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று வந்தது. ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் கோயிலில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்த வழக்கு. இந்து திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். ஊடுபால் குழந்தைகளுக்கு ஆண், பெண் என்று ‘சரிசெய்யும்’ அறுவைசிகிச்சைக்குத் தடை விதிக்கச் சொன்னதும் அந்தத் தீர்ப்புதான். வழக்கின் மையம் ஒரு சொல்லுக்கு யார் உரியவர் என்பது; தமிழ் வகுப்பில் நடத்த வேண்டிய தீர்ப்பு.

அன்று விழா முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். என் தோழியிடம், “இவர் என்னிடம் படித்தார், இப்போது கவிதை எழுதுகிறார்” என்று அறிமுகப்படுத்தினேன். மரியாதை என்று நினைத்துத்தான் அந்த ‘ஆர்’. தமிழில் பால் சொல்லாமல் தப்பிக்க நமக்கிருக்கும் ஒரே சந்தும் அதுதான். யாரென்று தெரியாதபோது, தயங்கும்போது, எல்லாரும் அதற்குள் புகுந்துகொள்கிறோம். அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

“அம்மா, உங்ககிட்ட படிச்ச மத்த பொண்ணுங்கள எப்படிச் சொல்வீங்க?”

“படிச்சான்னு சொல்வேன். அவ, இவன்னுதான்.”

“எனக்கும் அதே போதும்மா. மரியாதை எல்லாரும் குடுக்குறாங்க. ‘ள்’ தான் யாரும் குடுக்க மாட்டேங்குறாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்த ஆண்டு நான்காம் நூற்பா ஒரு மணி நேரம் நடந்தது. பின்வரிசையில் வழக்கம்போல் சிரிப்பு எழுந்தது. அடங்கும்வரை சுண்ணக்கட்டியோடு காத்திருந்தேன்.