ஜன்னி என்ற ஒரே சொல்: பிரசவத்துக்குப் பிறகு வரும் தலைவலியின் வரலாறு

இந்த வாரம் மருத்துவ வரலாறு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் எஞ்சினியர். ஆனா எபிசோடோட கடைசிப் பகுதி, வீட்ல யாராவது சமீபத்துல குழந்தை பெத்திருந்தா நேரடியா உபயோகப்படும். அதனால முழுசா கேளுங்க.

1828. எடின்பரோ நகரத்து மருத்துவர் ஜான் ஏபர்க்ராம்பி, மூளை, தண்டுவட நோய்களைப் பத்தி ஒரு புத்தகம் வெளியிடுறார். அதுல 24 வயசுப் பெண் ஒருத்தரோட கேஸ் வருது. பிரசவம் சிக்கல் இல்லாம நடந்தது. அப்புறம் தலைவலி. அப்புறம் வலிப்பு. பிரசவம் ஆன ரெண்டு வாரத்துல, விடாம வந்த வலிப்புல அவங்க இறந்துட்டாங்க. பிரசவத்துக்குப் பிறகு மூளையோட சிரைகள்ல ரத்தம் உறைஞ்சுபோற நோய்க்கு, மருத்துவ நூல்கள்ல முதல் பதிவா இதைத்தான் குறிப்பிடுறாங்க.

எனக்கு உறுத்துற விஷயம் என்னன்னா, அந்தப் பெண் உயிரோட இருந்து "தலை வலிக்குது"ன்னு சொன்னப்போ யார்கிட்டயும் பதில் இல்ல. இறந்த பிறகுதான் பதில் கிடைச்சது. அடுத்த நூறு வருஷத்துக்கும் மேல, கதை கிட்டத்தட்ட இப்படியேதான் ஓடுச்சு.

ஒரு சொல்லுக்குள்ள பல நோய்கள்

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு சொல் ரொம்ப நாளா இருக்கு: ஜன்னி. "புள்ள பெத்து பத்தாம் நாள் ஜன்னி கண்டுடுச்சு"ன்னு பாட்டிங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. சந்நிபாதம்ங்கிற வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. வாதம், பித்தம், கபம் மூணும் ஒண்ணா கெட்டுப்போன நிலைன்னு அர்த்தம். காய்ச்சல்ல பிதற்றினாலும் ஜன்னி, கை கால் வெட்டி இழுத்தாலும் ஜன்னி, ஆள் அடையாளம் தெரியாம பேசினாலும் ஜன்னி. எல்லாம் ஒரே பெட்டியில.

பெட்டி நம்ம ஊர்ல மட்டும் இல்ல. ஐரோப்பாவுல ரெண்டு பெட்டி வெச்சிருந்தாங்க. உடம்பு வெட்டினா எக்லாம்ப்சியா. மின்னல் மாதிரி பளிச்சுன்னு வெளிப்படுறதைக் குறிக்குற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மனசு தடுமாறினா பிரசவப் பைத்தியம். 19ஆம் நூற்றாண்டுல நிறையப் பெண்களை இந்த ரெண்டாவது பேரைச் சொல்லி மனநல விடுதிக்கு அனுப்பினாங்க.

முதல் பெட்டிக்குள்ள கொஞ்சம் வெளிச்சம் வந்தது 1843ல. லண்டன் கைஸ் மருத்துவமனையில ஜான் லீவர்ங்கிற மருத்துவர், வலிப்பு வந்த கர்ப்பிணிகளோட சிறுநீரைச் சோதிச்சார். அதுல ஆல்புமின்ங்கிற புரதம் இருந்தது. அதாவது எக்லாம்ப்சியா வெறும் காக்காவலிப்பு இல்ல, தனி நோய். பெரிய கண்டுபிடிப்பு. ஆனா இதுக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. நல்ல பேர் ஒண்ணு கிடைச்சதும், பிரசவத்துக்குப் பிறகு வந்த எல்லா வலிப்பையும் அதுக்குள்ளயே போட ஆரம்பிச்சாங்க. அதுல அடங்காத பெண்கள் மறுபடி "காரணம் தெரியல" வரிசைக்குப் போனாங்க.

வகிட்டுக்குக் கீழ ஒரு கால்வாய்

அடங்காதவங்கள்ல சில பேருக்கு உள்ள என்ன நடந்தது? சென்னைக்காரங்களுக்கு ஈஸியா புரியும். மூளைக்கு ரத்தம் கொண்டு வர்றது தமனி. திரும்ப எடுத்துட்டுப் போறது சிரை. நமக்குத் தெரிஞ்ச பக்கவாதம் பெரும்பாலும் தமனி அடைப்பு: தெருவுக்குத் தண்ணி லாரி வரல. சிரை அடைப்பு வேற மாதிரி: தண்ணி வந்துட்டே இருக்கு, ஆனா மழைநீர் வடிகால் அடைச்சுக்கிச்சு. வேளச்சேரி நிலைமை. அழுத்தம் ஏறும், மூளை வீங்கும், சில நேரம் சின்ன ரத்தக்குழாய் உடைஞ்சு கசியும்.

அந்த வடிகால்கள்ல பெரியது, நீங்க தலையில நடு வகிடு எடுக்குற கோட்டுக்கு நேர் கீழ, மண்டை ஓட்டுக்கு உள்பக்கம் முன்னால இருந்து பின்னால ஓடுது. அதை ஒட்டி இருக்குற மூளைப் பகுதிதான் கால்களை இயக்குது. அதனாலதான் சில பெண்களுக்கு முதல்ல ஒரு கால் மட்டும் மரத்துப்போகும். சில பேருக்கு இன்னைக்கு வலது பக்கம், நாளைக்கு இடது பக்கம்னு வலிப்பு இடம் மாறும். வெளிய இருந்து பார்க்குறவங்களுக்கு "நடிக்கிறாளோ"ன்னு தோணும். உள்ள இருக்குற பிளம்பிங் தெரிஞ்சா, அப்படித்தான் வரணும்னு புரியும்.

சரி, ஏன் பிரசவத்துக்குப் பிறகு? பிரசவத்துல ரத்தப்போக்கு தாயைக் கொன்னுடக்கூடாதுன்னு, உடம்பு முன்கூட்டியே ரத்தத்தோட உறையுற தன்மையை ஏத்தி வெச்சிருக்கு. காப்பாத்துறதுக்கான ஏற்பாடு. குழந்தை பிறந்த உடனே அது ஆஃப் ஆகாது. சில வாரம் ஆகும்.

பிணவறையில தொடங்கின விவாதம்

அந்தக் காலத்துல மூளைச் சிரையில உறைவுன்னாலே கிருமித் தொற்றுதான் காரணம்னு நினைச்சாங்க. பிரசவக் காய்ச்சல் கொத்துக்கொத்தா உயிரை எடுத்த காலம், அதனால அது நியாயமான ஊகம்தான். 1941ல, போர் நடந்துட்டிருந்த பிரிட்டன்ல, ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒருத்தர் லண்டன் நரம்பியல் மருத்துவர் பர்டன் மார்ட்டின். இன்னொருத்தர் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவமனையில வேலை பார்த்த நோயியல் நிபுணர் ஹெரால்ட் ஷீஹான். தொற்று இல்லாமலே, பிரசவத்துக்குப் பிறகு மூளைச் சிரையில ரத்தம் உறையலாம், இது தனி நோய்னு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க.

தனிப் பேர் வந்ததும் ஒரு நல்லது நடந்தது. சிகிச்சையைப் பத்தி யோசிக்க முடிஞ்சது. அடுத்த வருஷமே, 1942ல, ஸ்டான்ஸ்ஃபீல்ட்ங்கிற மருத்துவர் இப்படி ஒரு பெண்ணுக்கு ஹெபாரின் கொடுத்ததைப் பதிவு பண்ணினார். ரத்தம் உறையுறதைத் தடுக்குற மருந்து. அப்போ அது ரொம்பப் புதுசு.

ஆனா உயிரோட இருக்குறவங்க மண்டைக்குள்ள பார்க்க அப்போ வசதி குறைவு. 1927ல லிஸ்பன்ல எகாஸ் மோனிஸ் கண்டுபிடிச்ச ஆஞ்சியோகிராம் இருந்தது. கழுத்துத் தமனியில மருந்து செலுத்தி எடுக்கணும். தலைவலின்னு வர்ற ஒவ்வொருத்தருக்கும் அதைச் செய்ய முடியாது.

வழி திறந்தது ஒரு எஞ்சினியர்! கேட்கும்போதே எனக்கு சந்தோஷமா இருக்கு. பீட்டில்ஸ் ரெக்கார்டு வெளியிட்ட ஈ.எம்.ஐ. கம்பெனியில வேலை பார்த்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டன்ல அவரோட சி.டி. ஸ்கேனர்ல முதல் நோயாளியோட மூளையைப் படம் எடுத்தாங்க. 1979ல நோபல் பரிசு. அதுக்கப்புறம் எம்.ஆர்.ஐ., சிரைகளை மட்டும் தனியாக் காட்டுற எம்.ஆர். வெனோகிராம் எல்லாம் வந்தது.

கசியுற மூளைக்கு ரத்தம் இளக்குற மருந்தா?

இப்போ ஒரு டாக்டரோட இடத்துல நில்லுங்க. ஸ்கேன்ல சிரை அடைப்பு தெரியுது. கூடவே மூளைக்குள்ள கொஞ்சம் ரத்தக்கசிவும் தெரியுது. இந்த நேரத்துல ரத்தம் உறையாம இருக்க மருந்து கொடுப்பீங்களா? கொடுத்தா கசிவு அதிகமாகலாம். கொடுக்கலைன்னா அடைப்பு பெருகலாம். இந்தக் குழப்பம் 1942ல இருந்து கிட்டத்தட்ட 50 வருஷம் நீடிச்சது.

1991ல ஜெர்மனியில ஐன்ஹாய்ப்ல் குழு ஒரு சோதனையை வெளியிட்டாங்க. மொத்தமே 20 நோயாளிகள். 10 பேருக்கு ஹெபாரின், 10 பேருக்கு வெறும் போலி மருந்து. வித்தியாசம் அவ்வளவு தெளிவா இருந்ததால பாதியிலயே நிறுத்தினாங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா, ஹெபாரின் வாங்கின 10 பேர்ல 8 பேர் முழு குணம், ரெண்டு பேருக்கு லேசான பாதிப்பு, ஒருத்தர் கூட இறக்கல. இன்னொரு பக்கம் முழு குணம் ஒருத்தர், இறந்தது 3 பேர். கசிவு இருந்தவங்களுக்கும் மருந்து உதவிச்சு. அடைப்பை எடுத்தா அழுத்தம் குறையுது, அழுத்தம் குறைஞ்சா கசிவும் அடங்குது. வடிகாலைத் திறந்தாதான் தெருவுல தண்ணி வடியும்.

மதுரையில 135 பேர்

இந்தக் கதையில நம்ம ஊருக்கும் முக்கியமான இடம் இருக்கு. 1983ல, மதுரையிலிருந்து நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்துலயும் பிரசவத்துக்குப் பிறகும் மூளை ரத்தக்குழாய் அடைப்பு வந்த 135 பேரைப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டார். உலகம் முழுக்க இந்தத் துறையில இன்னைக்கும் மேற்கோள் காட்டுற கட்டுரை. 1995ல பெங்களூர் நிம்ஹான்ஸ்ல, பிரசவத்துக்குப் பிறகு சிரை அடைப்பு வந்த 57 பெண்கள்கிட்ட ஹெபாரின் சோதனை நடந்தது. மேற்குல அபூர்வம்னு எழுதின நோய், நம்ம அரசு மருத்துவமனை வார்டுகள்ல அடிக்கடி பார்க்குற நோயா இருந்தது.

ஏன் இங்க அதிகம்? ரத்தசோகை, வீட்டுப் பிரசவம், தொற்று, உடம்புல நீர் வத்திப்போறதுன்னு பல காரணங்களை மருத்துவர்கள் சந்தேகப்பட்டாங்க. கடைசிக் காரணத்துல கொஞ்சம் நில்லுங்க. "பச்ச உடம்புக்காரி, தண்ணி அதிகம் குடிக்காத, வயிறு போட்டுடும்." தமிழ்நாட்டு வீடுகள்ல இன்னைக்கும் கேட்குற வார்த்தை. அக்கறையோட சொல்றதுதான். ஆனா ரத்தம் சுலபமா உறையுற அந்த வாரங்கள்ல, வெயில் காலத்துல, பால் கொடுக்குற ஒரு பெண்ணுக்குத் தண்ணியைக் குறைக்கிறதுக்கு மருத்துவத்துல எந்த ஆதாரமும் இல்ல.

இன்னொரு சுமையும் உண்டு. பிழைச்சு வந்த பெண்ணுக்கு "வலிப்புக்காரி"ங்கிற பட்டம். இந்து திருமணச் சட்டத்துல, கல்யாணம் செல்லுறதுக்கான நிபந்தனையில, "பைத்தியம்", "வலிப்பு" ரெண்டும் ஒரே வரியில இருந்தது. மணமக்கள்ல யாருக்கும் அது திரும்பத் திரும்ப வந்திருக்கக்கூடாதுன்னு நிபந்தனை. வலிப்புங்கிற சொல்லை அங்கிருந்து எடுத்தது 1999லதான். பிரசவத்தோட வந்த வலிப்பால அம்மா வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களுக்கு, நோயை விட அந்தப் பேர்தான் நீண்ட நாள் கூட வந்தது.

எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. யூசர் ஒரு பிழையைச் சொல்வார், நம்ம மெஷின்ல அது வராது. "இங்க வரல"ன்னு எழுதி டிக்கெட்டை மூடிடுவோம். பிழை அங்கயேதான் இருக்கும். நம்மகிட்ட அதைக் காட்டுற லாக் இல்ல, அவ்வளவுதான். பிரசவத்துக்குப் பிறகு வந்த தலைவலிகளோட வரலாறு முழுக்க இப்படி மூடின டிக்கெட்டுகள்தான். கருவி ஒவ்வொண்ணா வரும்போது பழைய டிக்கெட்டுகள் திறந்துச்சு. ரத்தக்குழாய் தற்காலிகமாச் சுருங்குற நோயை 1988ல ஒரு குழு தெளிவா விவரிச்சது. மூளையோட பின்பகுதி தற்காலிகமா வீங்குற நிலைக்கு 1996ல பேர் வந்தது. பெண்கள் சொன்ன அறிகுறி அப்படியேதான் இருந்தது. மாறினது எதிர்ல இருந்தவங்க கையில இருந்த கருவி.

இன்னைக்கு நம்ம செய்யக்கூடியது

இப்போ நடைமுறைக்கு வருவோம். பிரசவத்துக்குப் பிறகு தலைவலி சகஜம். பெரும்பாலும் தூக்கமின்மை, சோர்வு. சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டிருந்தா அதனாலயும் வரலாம். 1898ல ஜெர்மன் மருத்துவர் ஆகஸ்ட் பியர் இந்த முறையைத் தன் உடம்புலயே சோதிச்சு, ஒன்பது நாள் அவதிப்பட்டார். படுத்தா வலி போயிடுச்சு, எழுந்தா திரும்ப வந்தது. ஊசித் தலைவலியோட குணம் இன்னைக்கும் அதுதான். சிரை அடைப்புல பல பேருக்கு இதுக்கு நேர்மாறு: படுத்தா, இருமினா அதிகமாகும். ஆனா இதை வெச்சு வீட்லயே முடிவு பண்ணாதீங்க.

நாள் கூடக்கூட ஏறிட்டே போற தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், ரெட்டையா தெரியுறது, கை கால் மரத்துப்போறது, பேச்சு குழறல், வலிப்பு, திடீர்னு ஆள் குழம்புறது. இதுல எது வந்தாலும் அன்னைக்கே மருத்துவமனை. 108 கூப்பிடுங்க. பி.பி. பார்க்கச் சொல்லுங்க, ஏன்னா எக்லாம்ப்சியா பிரசவத்துக்குப் பிறகும் வரும். அவசரப் பிரிவுல நீங்க சொல்ற முதல் வாக்கியம் "குழந்தை பிறந்து இத்தனை நாள் ஆச்சு"ன்னு இருக்கட்டும். குழந்தையை வீட்ல விட்டுட்டு வந்திருந்தா அவங்களுக்கு அது தெரியாது. சாதா சி.டி. நார்மல்னு வந்தும் வலி ஏறிட்டே இருந்தா, "சிரைகளைப் பார்க்குற ஸ்கேன் தேவைப்படுமா?"ன்னு கேளுங்க. கேட்கலாம், தப்பே இல்ல.

நாப்பது நாள் முடிஞ்சுட்டா ஆபத்து முடிஞ்சதுன்னும் இல்ல. 2014ல வெளியான ஒரு கலிஃபோர்னியா ஆய்வு, 16 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களோட பதிவைப் பார்த்தது. உறைவு ஆபத்து முதல் 6 வாரம் ரொம்ப அதிகம், ஆனா 12 வாரம் வரைக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கு.

நல்ல செய்தியும் இருக்கு. 2004ல 21 நாடுகள்ல 624 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுல, சுமார் 79 சதவீதம் பேர் முழுசாவோ கிட்டத்தட்ட முழுசாவோ குணமானாங்க. அடுத்த குழந்தையே கூடாதுன்னு கட்டாயமும் இல்ல. முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லி, தேவையான மருந்தோட திட்டமிட்டுப் பெத்துக்கிறவங்க இருக்காங்க.

1828ல அந்த 24 வயசுப் பெண்ணுக்கு இதுல எதுவுமே இல்ல. இன்னைக்கு மதுரையிலயும் சென்னையிலயும் ஸ்கேன் இருக்கு, மருந்து இருக்கு. அதுவரைக்கும் அவங்களைக் கொண்டு போய்ச் சேர்க்குறதுக்கு, "தலை வலிக்குது"ன்னு சொல்லும்போது வீட்ல ஒருத்தராவது நம்பணும். அந்த ஒருத்தர் நீங்களா இருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.