வரவேற்பு மறுக்கப்பட்ட பதவி: ஐரிஷ் சுதந்திர நாட்டின் தலைமை ஆளுநர்கள் (1922–1936)

முன்னுரை

மன்னரின் பெயரால் ஒரு நாட்டில் அமரும் பிரதிநிதி, சட்டங்களுக்கு ஒப்புதல் அளிப்பதும் அமைச்சர்களை முறைப்படி நியமிப்பதும் பெரும்பாலும் அமைச்சரவையின் அறிவுரைப்படியே நிகழ்கின்றன. ஆகவே வரவேற்பு, அணிவகுப்பு, இசை, இருப்பிடம் ஆகியவற்றின் வழியாகவே அப்பதவி மக்களுக்குப் புலப்படுகிறது. இவற்றை அலங்காரமாக மட்டும் கருதுவது பொருந்தாது என்பதற்கு ஐரிஷ் சுதந்திர நாட்டின் மூன்று தலைமை ஆளுநர்களின் வரலாறு சான்றாகிறது. அங்குச் சட்டத்திருத்தங்களுக்கு முன்னரே சடங்கு மறுப்பு அப்பதவியை வெறுமையாக்கியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒப்பந்தமும் புதிய பதவியும்

1921 டிசம்பர் 6 அன்று கையெழுத்தான ஆங்கிலோ–ஐரிஷ் ஒப்பந்தம், அயர்லாந்துக்குக் கனடாவை ஒத்த டொமினியன் தகுதியை வழங்கியது. அதன்படி மன்னரின் பிரதிநிதி ஒருவர் இருந்தாக வேண்டும். அதற்குமுன் டப்ளின் நகருக்குள் படையணிகள் சூழ ஊர்வலமாக நுழைந்த வைஸ்ராய்கள் அயலாட்சியின் உருவங்களாக விளங்கினர். அந்நினைவைத் தவிர்க்க, முதல் தலைமை ஆளுநராக மூத்த ஐரிஷ் தேசியவாதியான டிம் ஹீலி 1922 டிசம்பர் 6 அன்று நியமிக்கப்பட்டார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த அச்சூழலில், டிசம்பர் 12 அன்று அவர் இரு அவைகளுக்கும் உரை நிகழ்த்தினார். 1923-இல் மீண்டும் ஒருமுறை உரையாற்றியதோடு அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

எனினும் இருப்பிடம் மாறவில்லை. ஃபீனிக்ஸ் பூங்காவின் வைஸ்ராய் மாளிகையிலேயே ஹீலி குடியேறினார். அமைச்சர் கெவின் ஓ ஹிகின்ஸுக்கு அவர் மாமா முறையாதலின், அமெரிக்கப் புதினமொன்றின் தலைப்பைத் திரித்து அம்மாளிகையை ‘டிம் மாமாவின் குடில்’ என்று டப்ளின் மக்கள் நகையாடினர். ஐரிஷ்காரர் ஒருவரை அமர்த்தியதால் மட்டும் மாளிகையின் பழைய பொருள் மறைந்துவிடவில்லை என்பதை இக்கேலி உணர்த்துகிறது.

மக்நீலும் 1932 மோதலும்

1928-இல் பதவியேற்ற ஜேம்ஸ் மக்நீல், முன்னர் இந்தியக் குடிமைப் பணியில் பம்பாய் மாகாணத்தில் பணியாற்றியவர். பின் இலண்டனில் ஐரிஷ் உயர் ஆணையராக இருந்தவர். பிரித்தானியப் பண் இசைக்கப்படவிருந்ததால் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் நிகழ்ச்சிக்குச் செல்ல மறுத்தவர். 1932 மார்ச்சில் ஏமன் டி வலேரா ஆட்சிக்கு வந்தபோது, அவரைத் தம் மாளிகைக்கு வரவழைக்காமல், நாடாளுமன்றம் கூடிய லென்ஸ்டர் இல்லத்துக்குத் தாமே சென்று நியமனம் செய்தார். இவ்விணக்கம் பயனளிக்கவில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் பிரெஞ்சுத் தூதரக விருந்துக்கு மக்நீல் வந்தவுடன் அமைச்சர்கள் ஷான் ஓ கெல்லியும் பிராங்க் எய்க்கனும் வெளியேறினர். ஜூனில் டப்ளினில் நடந்த உலக நற்கருணை மாநாட்டை ஒட்டி அவர் அளித்த விருந்துக்கு இராணுவ இசைக்குழு மறுக்கப்பட்டது. அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என வலியுறுத்தி மக்நீல் எழுதினார். பின்னர் அரசின் அறிவுரையை மீறி அக்கடிதங்களை நாளேடுகளில் வெளியிட்டார். டி வலேரா அவரை நீக்குமாறு மன்னருக்கு அறிவுரை கூறினார். நவம்பர் தொடக்கத்தில் மக்நீல் பதவி விலகினார். இங்கு அவமதிப்பின் இலக்கு மன்னராட்சியே. அதனைத் தாங்கியவரோ தேசியவாதியான ஓர் ஐரிஷ்காரர்.

விழாவற்ற பதவியேற்பு

1932 நவம்பர் 26 அன்று டோனல் உவா பூகலா நியமிக்கப்பட்டார். மேனூத் ஊரின் கடைக்காரரான இவர், 1916 எழுச்சியில் தம் ஊர்த் தோழர்களுடன் டப்ளினுக்கு நடந்துசென்று போரிட்டவர். அண்மைத் தேர்தலில் தோற்றிருந்தவர். அவருக்குப் பொது வரவேற்போ ஊர்வலமோ நடைபெறவில்லை. வைஸ்ராய் மாளிகையை விடுத்து, புறநகரில் வாடகை வீடொன்றில் அவர் குடியிருந்தார். பதவிக்குரிய 10,000 பவுண்டு ஊதியத்தில் 2,000 மட்டுமே பெற்றார். பொது நிகழ்ச்சிகளில் தோன்றுவதில்லை என்பதே அவர் ஏற்ற பணியின் சாரம்.

இக்கால வரிசை கருதத்தக்கது. 1932-இல் சடங்குகள் நீங்கின. 1933 சட்டத்திருத்தங்களால் நிதி மசோதாப் பரிந்துரை, ஒப்புதலை நிறுத்திவைத்தல் ஆகிய அதிகாரங்கள் நீங்கின. எட்டாம் எட்வர்டு முடிதுறந்த 1936 டிசம்பரில் அரசியலமைப்பிலிருந்தே பதவி நீங்கியது. நான்கு ஆண்டுகள் கண்ணுக்குப் புலப்படாதிருந்த பதவிக்காகப் பரிந்து பேசுவோர் அப்போது அருகியிருந்தனர். ஆயினும் உவா பூகலாவுக்கு வீட்டுக் குத்தகையின் எஞ்சிய காலப் பொறுப்பு பெரும் சுமையாயிற்று. அதுபற்றி அரசுடன் அவருக்குப் பிணக்கும் ஏற்பட்டது.

முடிவுரை

1937 அரசியலமைப்பின்படி முதல் குடியரசுத் தலைவரான டக்ளஸ் ஹைடு, 1938 ஜூன் 25 அன்று டப்ளின் கோட்டையின் புனித பேட்ரிக் மண்டபத்தில் விமரிசையாகப் பதவியேற்றார்; முன்னாள் வைஸ்ராய் மாளிகையே அவர் இல்லமாயிற்று. ஆறாண்டுகளுக்கு முன் இசைக்குழுவையும் மறுத்த அதே டி வலேராவின் அரசே இவ்விழாவை நடத்தியது. எனவே அவ்வரசு எதிர்த்தது சடங்கையன்று. சடங்குக்கு உரிமை வழங்கிய மூலத்தையே எனலாம். யார் யாரை எங்கு வரவேற்கிறார் என்பது இறைமை யாரிடம் உள்ளது என்னும் வினாவின் மற்றொரு வடிவம். அவ்வினா விடைபெறும் வரையில் அதன் விலையைச் செலுத்தியவர்கள் மன்னர்கள் அல்லர். அவர்தம் பெயரால் அமர்ந்திருந்த ஐரிஷ் மக்களே.