கட்டி சார்க்கும் தூத்துக்குடித் தோணியும்

துறைமுகத்திலோ அனல்மின் நிலையத்திலோ வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், தூத்துக்குடியில் மாதிரிக் கப்பல் கட்ட உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெட்டியில் வரும் கிட்டை வாங்கிக் கட்டுவது. மற்றொன்று, பழைய துறைமுகத்தில் நிற்கும் தோணியை அளந்து, வெறும் பலகையிலிருந்து தொடங்குவது. முதல் வழிக்கு கட்டி சார்க்கையும் இரண்டாவதற்குத் தோணியையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே பாய்விரித்துச் சரக்கு சுமந்தவைதான்.

கட்டி சார்க் 1869-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, சீனாவிலிருந்து தேயிலை ஏற்றிவந்த கப்பல். அதன் பிளாஸ்டிக் கிட் 1/96 அளவில் கிடைக்கிறது. கப்பலின் எட்டு அடி மாதிரியில் ஓர் அங்குலம். பாகங்கள் வார்த்தே வருகின்றன. எதற்குப் பிறகு எது என்று குறிப்புத்தாள் சொல்லிவிடும். வெட்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, ஒட்டுவது, வண்ணம் பூசுவது, பாய்மரக் கயிறுகளை நூலால் கட்டுவது மட்டுமே நம் வேலை. வயதான கைகளுக்கு இது நல்ல பயிற்சி. நல்ல விளக்கும் பூதக்கண்ணாடியும் இருந்தால் போதும். தினமும் ஒரு மணி நேரம் செய்யலாம், அலுத்தால் மூடி வைக்கலாம். ஒரு பாகம் பிசகினாலும் கப்பல் முழுவதும் வீணாகாது.

தோணிக்குக் குறிப்புத்தாள் கிடையாது. தோணி கட்டும் தச்சர்களான ஓடாவிகள் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு கட்டியவர்கள் அல்லர். கண்ணளவும் கைப்பழக்கமுமே அவர்களுடைய கணக்கு. எனவே தோணி கட்ட விரும்புகிறவர் முதலில் எடுக்க வேண்டியது அளவு நாடா. பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலைக்குத் தோணியைக் கரையேற்றும்போது, அடிமரமான ஏராக்கட்டை நெடுக மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் குண்டுநூல் விட்டு, பக்கப்பலகை எவ்வளவு விலகியிருக்கிறது என்று பல உயரங்களில் அளந்து எழுத வேண்டும். முன்பகுதியான அணியம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, விலாச்சட்டங்களான வங்குகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி என்பதையும் குறிக்க வேண்டும். 1/50 அளவு வைத்தால் 30 மீட்டர் தோணி 60 சென்டிமீட்டராகும். ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள பலகை ஒரு மில்லிமீட்டர் சீவலாகும். தளத்தில் நிற்கும் ஆள் மூன்றே கால் சென்டிமீட்டர் உயரம் இருப்பார்.

கிட் கட்டுகிறவர் தனியாக அமர்ந்தே முடித்துவிடலாம். தோணி கட்டுகிறவரால் முடியாது. ஓடாவியிடம் கேட்க வேண்டும்; கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிப் போன தலைவரான தண்டலிடம், பாய் எப்படி ஏறியது, சரக்கை எங்கே அடுக்கினார்கள் என்று கேட்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு பேச்சுத்துணை குறைகிறது என்று வருந்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

பெரிய வேறுபாடு இனிமேல்தான். கட்டி சார்க் 2007-இல் தீப்பிடித்து எரிந்தது. செப்பனிட்டு 2012-இல் மீண்டும் திறந்தார்கள். அது கிரீனிச்சில் பேணப்படும் கப்பல்; அதன் ஒவ்வொரு பாகமும் பதிவாகியிருக்கிறது. நம் மாதிரியால் அதற்குக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஒரு தோணியை உடைத்து விறகாக்கிவிட்டால் அதன் அளவுகளும் அதோடு போய்விடும். முத்துக்குளிப்புத் தோணிகளின் நிலை இன்னும் மோசம். மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அன்று பதினைந்து வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. குளிப்பவரை ஆழத்துக்கு இறக்கும் குளிகல் எந்தப் பக்கம் தொங்கியது, கயிறு பிடிப்பவர் எங்கே நின்றார் என்று பார்த்ததைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தாம். மாதிரி கட்டும் வேலையில் முதுமை குறையாக இல்லாமல் தகுதியாகவே மாறும் இடம் இது.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. பிரெஞ்சுக் கடற்படையின் எட்மோன் பாரீஸ், இளவயதில் சோழமண்டலக் கரை உட்பட உலகக் கரைகளின் படகுகளை அளந்து வரைந்தவர். விபத்தில் ஒரு கையை இழந்தவர். 1871-இல், 65 வயதில், லூவரில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்று, தம் வரைபடங்களைக் கொண்டே மாதிரிகள் செய்வித்தார். 1893-இல் இறக்கும்வரை அந்தப் பணியில் இருந்தார். அளவு இருந்ததால் மாதிரி வந்தது. அந்த மாதிரிகளால் மறைந்த படகுகளின் வடிவம் தப்பியது.

கிட் வீண் என்று சொல்ல வரவில்லை. அளவு மாறாமல் வேலைசெய்யும் ஒழுங்கைக் கைக்குக் கற்றுத்தருவது அதுதான்; முதல் கப்பல் கட்டி சார்க்காகவே இருக்கட்டும். இரண்டாவது தோணியாக இருக்க வேண்டும். அது முடிந்ததும் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதோடு நிற்காமல், அளவெடுத்த நோட்டை, யாரிடம் கேட்டு எழுதியது என்ற விவரத்தோடு, ஊரில் ஒரு கல்லூரி நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். மாதிரியில் பிழை இருந்தால் பின்னால் வருகிறவர் அந்த நோட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்.