பெட்டி போனாலும் புத்தகம் இருக்கட்டும்

மலரில் கம்ப்யூட்டரைப் பற்றிக் கட்டுரை என்றதும், புதிதாக வந்த ஏதோ ஒரு மாடலைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரோடு கூட வந்த புத்தகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'மேனுவல்' என்று சொல்லி அலமாரியின் அடித்தட்டில் போட்டு வைத்தோமே, அந்தக் கையேடுகள்தான்.

மைக்ரோ கம்ப்யூட்டரின் கதை தொடங்குவதே அச்சுக் காகிதத்தில்தான். 1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழ் ஆல்டேர் 8800 என்ற எந்திரத்தை அட்டையில் போட்டது. பலர் அதை உதிரிப் பாகங்களாக வாங்கி, வீட்டிலேயே சாலிடர் வைத்துப் பூட்டினார்கள். கையேடு இல்லையென்றால் அது வெறும் தகரப் பெட்டி. 1982-ல் இங்கிலாந்தில் வெளியான சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் போன்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களும் அப்படித்தான். சுவிட்சைப் போட்டால் படமும் வராது, மெனுவும் வராது. 'பேசிக்' மொழியில் நாம் கட்டளை தட்டினால்தான் அது அசையும். எனவே கையேடுதான் ஆசிரியர், அதுவேதான் அகராதியும்.

நம் நாட்டில் வீட்டுக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் வீட்டுக்கு வரவில்லை. விலை அப்படி! அது பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்தது. 1984-ல் மத்திய அரசின் எலெக்ட்ரானிக்ஸ் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கின. முதல் கட்டத்தில் சுமார் 250 பள்ளிகள். அவற்றுக்குக் கொடுக்கப்பட்டது பி.பி.சி. மைக்ரோ. கேம்பிரிட்ஜ் நகரின் ஏகார்ன் நிறுவனம் 1981 இறுதியில் வெளியிட்ட எந்திரம் அது. 'பி' மாடலின் நினைவகம் மொத்தமே 32 கிலோபைட். சண்டிகர் அருகே மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், அதே எந்திரத்தை 'யூனிகார்ன்' என்ற பெயரில் செய்து கொடுத்தது.

அதன் பயனர் கையேட்டை 1982-ல் எழுதியவர் ஜான் கோல். ஏறக்குறைய 500 பக்கம். முதல் பாடத்திலிருந்து நினைவக வரைபடம் வரை எல்லாம் அதில் உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது மறைக்கவில்லை. 'பிரித்துப் பார், புரிந்துகொள்' என்கிற மாதிரிப் புத்தகம் அது. இன்று ஒரு செல்போன் வாங்கினால் கூட வருவது ஒரு மடிப்புத் தாள்தானே?

அந்தக் காலத்தில் நம்ம ஓசூர் எப்படி இருந்தது? சிப்காட் வளாகம் வளர்ந்துகொண்டிருந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளியே வந்தது. டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகார ஆலையும் இங்கேதான் அமைந்தது. எலெக்ட்ரானிக்ஸ் கற்க ஆசைப்பட்டவர்களுக்குச் சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூர். உதிரிப் பாகங்களுக்கு எஸ்.பி. ரோடு, பழைய புத்தகங்களுக்கு அவென்யூ ரோடு. அதே பெங்களூரில் பி.இ.எல். நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எழுத்தாளர் சுஜாதா, கம்ப்யூட்டரைப் பற்றித் தமிழில், பாமரனுக்கும் புரிகிற மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் பழங்கதைதானே என்று தோன்றலாம். ஆனால் கதை முடியவில்லை. பி.பி.சி. மைக்ரோவை உருவாக்கியவர்களில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அடுத்து வடிவமைத்த சில்லுதான் ஆர்ம். 1985-ல் பிறந்த அந்தச் சில்லு, தொடக்கத்தில் பி.பி.சி. மைக்ரோவோடு இணைக்கப்பட்டே வேலை செய்தது. இன்று ஐபோனுக்குள் இருப்பதும் அந்த ஆர்ம் வழியில் வந்த சில்லுதான். அந்த ஐபோனின் மேற்கூட்டைச் செய்யும் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை எங்கே இருக்கிறது? நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூருக்குப் பக்கத்தில்! அங்கே வேலைக்குப் போகும் நம் தங்கைகளுக்கு இந்த வம்சாவளியை யார் சொல்வது?

இங்கிலாந்தில் இதைப் பாதுகாக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் வரலாற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பி.பி.சி. நிறுவனம் தன் கம்ப்யூட்டர் கல்வித் திட்ட நிகழ்ச்சிகளை 2018-ல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. அச்சிட்ட கையேட்டை அங்கே பார்த்துக்கொள்ளலாம், சரி. ஆனால் இங்கே பயன்பட்ட பிரதி அங்கே இருக்காது. ஆங்கிலச் சொல்லுக்கு ஓரத்தில் பென்சிலால் எழுதிய தமிழ் அர்த்தம், ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளை எழுதிய தெலுங்கு, கன்னடக் குறிப்பு, புரோகிராமில் அடித்துத் திருத்திய வரி, ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட நோட்டு, பள்ளிக்கூட முத்திரை, பில். ஒரு தலைமுறை எப்படிக் கற்றது என்பதற்கு இவைதான் சாட்சி. கேசட்டில் பதிந்த புரோகிராம் காந்தம் மங்கினால் போச்சு. காகிதத்தில் அச்சடித்த புரோகிராமைக் கண்ணாலேயே படிக்கலாம்.

எந்திரம் பழுதானால் இருப்புப் பதிவேட்டில் கழித்து ஏலம் விடுவார்கள். கூடவே புத்தகமும் எடைக்குப் போய்விடும். காகிதம் காணாமல் போவது இப்படித்தான்.

காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் வேண்டாமென்று போட்டதையெல்லாம் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. தனி ஒருவரால் அவ்வளவு முடிந்தது. ஒரு சங்கத்தால் ஓர் அலமாரி முடியாதா?

ஆகவே ஒரு வேண்டுகோள். பரணில், டிரங்குப் பெட்டியில் தேடுங்க. 8085 பயிற்சிப் பலகையின் கையேடு, பேசிக் பாட நோட்டு, பழைய எலெக்ட்ரானிக்ஸ் இதழ், எது கிடைத்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீங்க. துருப்பிடித்த பின்னைக் கழற்றுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள். எங்கே, எந்த ஆண்டு, யார் பயன்படுத்தினார்கள் என்று ஒரு தனிச்சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். ஓரக் குறிப்புகளை அழித்துச் சுத்தம் செய்ய வேண்டவே வேண்டாம், அவைதான் பொக்கிஷம்.

படிக்கிற பிள்ளைகளே, அவற்றைப் பட்டியலிடும் வேலை உங்களுடையது. அடுத்த சந்திப்புக்கு வரும்போது மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். ஆளுக்கு ஒரு பழைய கையேடு போதும்.