வரைவிலக்கணம் எழுதிய கொப்பிகள்

ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல்லை மனனம் செய்வது ஒரு வழி. எளிய ஆங்கிலத்திலேயே அமைந்த வரைவிலக்கணத்தைப் படித்து விளங்கிக்கொள்வது மற்றொரு வழி. எமது ஆசிரியைகள் எமக்குப் பழக்கியது இரண்டாவது வழி. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1755இல் சாமுவேல் ஜோன்சன் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதி, ஆங்கிலம் அறிந்தவர்களுக்கானது. ‘நெற்வேர்க்’ என்ற சொல்லை விளக்க அவர் கையாண்ட சொற்கள் அதைவிடக் கடினமானவை. மொழியைப் புதிதாகக் கற்போரின் தேவையை உணர்ந்தவர்கள் ஆசியாவில் கற்பித்த ஆசிரியர்களே. டாக்காவில் பணியாற்றிய மைக்கல் வெஸ்ட், 1935இல் வெளிவந்த அகராதியில் ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களை மட்டும் கொண்டு விளக்கினார். யப்பானில் கற்பித்த ஏ. எஸ். ஹோன்பி இரு சகாக்களுடன் தொகுத்த அகராதி, போர் நடந்துகொண்டிருந்த 1942இல் ரோக்கியோவில் அச்சாகியது. 1948இல் அதனை ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. நம் வீடுகளில் அட்டை கழன்று கிடந்த ‘ஒக்ஸ்போட்’ அதன் வழிவந்ததே.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க, ஒரு ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி நாலைந்து பேர் அமர்வோம். ஒருத்தி அகராதியை வாசிக்க, மற்றவர்கள் வரைவிலக்கணத்தைக் கொப்பியில் எழுதுவோம். 1995 இடப்பெயர்வின்போது எங்கள் பைகளில் அந்தக் கொப்பிகளும் வந்தன.

அவற்றின் பயனை மருத்துவபீடத்தில் உணர்ந்தோம். உயர்தரம் வரை தமிழில் கற்ற எமக்கு அங்கே எல்லாம் ஆங்கிலம். ‘பெயின்’, ‘ஏக்’ இரண்டுக்கும் தமிழில் ‘நோ’ என்றே எழுதிவிடலாம். ‘ஏக்’ என்பது கூராகக் குத்தாமல், விடாது இருந்துகொண்டிருக்கும் நோ என்பதை வரைவிலக்கணமே உணர்த்தியது. “எப்படியான நோ?” என்பது நோயாளியிடம் நாம் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்றல்லவா?

தெரியாததைத் தெரிந்த சொற்களால் விளக்குவதே வரைவிலக்கணத்தின் இலக்கணம். நோயைப் பற்றி நோயாளிக்கு எடுத்துச் சொல்லும்போது நாம் இன்றும் செய்வது அதுதான்.

இன்றைய தங்கைமாருக்குக் கைபேசி நொடியில் தமிழ்ச் சொல்லைத் தந்துவிடும். அதோடு நிறுத்தாமல் வரைவிலக்கணத்தையும் வாசியுங்கள். ஒரு சொல்லைத் தேடப்போய் நாலு சொற்களோடு திரும்பலாம். அந்த வழியைக் காட்டிய எமது ஆங்கில ஆசிரியைகளை இந்த நூற்றாண்டு விழாவில் நன்றியோடு நினைவுகூருகிறோம்.